சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தூரம் உண்மையில் எத்தனை கிலோமீட்டர்?

2 மார்ச் 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஒரு கணக்கில் 15,339 கி.மீ. என்று வருகிறது, இன்னொரு கணக்கில் 15,349 கி.மீ. என்று வருகிறது. விமானத்துக்குள் இருக்கைக்கு முன்னிருந்த திரையோ 16,000-க்கு மேற்பட்ட ஓர் எண்ணைக் காட்டியது. மூன்றில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்? என் மகனின் பள்ளிச் செய்முறை ஏட்டில் எதை எழுதச் சொல்வது?

2 மார்ச் 2024, இரவு

மூன்றும் சரியே. மூன்றும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. பொதுவாக மேற்கோள் காட்டப்படும் 15,349 என்பது சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை பூமியின் மேற்பரப்பை ஒட்டி வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். பூமியின் மையத்தின் வழியாக ஒரு தளத்தைச் செலுத்தினால் அது மேற்பரப்பை வெட்டும் வட்டமே பெருவட்டம். இரு ஊர்களையும் தொட்டுச் செல்லும் அந்த வட்டத்தின் சிறிய பகுதியை விடக் குறுகிய வழி பூமியின் மேல் இல்லை.

இந்த இரு ஊர்களின் தூரத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேறு பல நகர இணைகளுக்குக் கோணவியல் சூத்திரம் வேண்டும், இதற்குக் கூட்டலும் பெருக்கலும் போதும். சாங்கியின் தீர்க்கரேகை கிழக்கே 103.99 பாகை, கென்னடி நிலையத்தினுடையது மேற்கே 73.78 பாகை. இரண்டையும் கூட்டினால் 177.77. அதாவது, இவ்விரு ஊர்களும் உலக உருண்டையில் ஏறத்தாழ நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ளன. அப்படிப்பட்ட இரு இடங்களுக்கு இடையிலான குறுக்குவழி துருவத்தின் பக்கமாகத்தான் செல்லும். ஆகவே அட்சரேகைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வடக்கே 1.36 பாகையில் உள்ளதால் அங்கிருந்து வட துருவத்துக்கு 88.64 பாகை. நியூயார்க் வடக்கே 40.64 பாகையில் உள்ளதால் துருவத்திலிருந்து அதற்கு 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்குச் சராசரியாக 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 கி.மீ. வருகிறது. காகிதமும் பென்சிலும் கொண்டு ஒரு பள்ளி மாணவன் போடும் கணக்கு, மேற்கோள் எண்ணுக்கு 3 கி.மீ. அருகில் வந்து நிற்கிறது. உங்கள் மகனுக்கு முதலில் இதைத்தான் போட்டுக் காட்டச் சொல்வேன்.

3 மார்ச் 2024

வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அளவுகோலை வைத்து இரு ஊர்களையும் இணைக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. எவ்வளவு தவறிப் போகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மெர்க்கேட்டர் படம் எனப்படும் அந்தத் தட்டைப் படத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு மேற்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தால், அது இலங்கையைக் கடந்து, கன்னியாகுமரிக்குச் சற்றுத் தெற்கே கடலில் சென்று, ஏமனைக் கடந்து, சஹாராவைக் குறுக்காக வெட்டி, கேனரித் தீவுகளின் அருகில் அட்லாண்டிக்கில் இறங்கி நியூயார்க்கை அடையும். அந்தக் கோட்டின் உண்மை நீளம் ஏறத்தாழ 18,500 கி.மீ. பெருவட்டத்தை விட 3,000 கி.மீ.க்கு மேல் அதிகம்.

நான் பல ஆண்டுகள் கப்பல் துறையில் கடல் வரைபடங்களோடு வேலை செய்தவன். அந்தக் கோட்டின் பயன் எனக்குத் தெரியும். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலைச் செலுத்த விரும்புபவருக்கு அது வழி காட்டும், தூரத்தைச் சொல்லாது. தூரத்துக்கு உலக உருண்டையும் ஒரு துண்டு நூலும் வேண்டும். நூலைச் சிங்கப்பூரில் ஒரு விரலாலும் நியூயார்க்கில் மற்றொரு விரலாலும் அழுத்தி இறுக்கினால், அது தானாகவே வழுக்கி வடக்கே ஏறும். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் குன்மிங் பகுதி, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பனிக்கடல், பிறகு கிரீன்லாந்தின் வடமேற்குப் பகுதி, பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க். துருவத்திலிருந்து அந்த நூல் விலகிச் செல்லும் தொலைவு 280 கி.மீ. அளவே. வெப்பமான சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறோம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, குறுக்குவழி உறைபனிக் கடல் வழியே போகிறது என்று கண்ணால் காணும்போது ஏற்படும் வியப்பு எந்தப் பாடப்புத்தக விளக்கத்திலும் கிடைக்காது.

3 மார்ச் 2024, மாலை

நெவார்க் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. அதன் தூரம் 15,344 கி.மீ. கென்னடி நிலையத்தை விட 5 கி.மீ. மட்டுமே குறைவு. ஆனால் அவ்விரு நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 33 கி.மீ. இடைவெளி உள்ளது. எஞ்சிய 28 கி.மீ. எங்கே போயிற்று? நேற்று போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. பெருவட்டம் வடக்கிலிருந்து இறங்கி வருவதால், ஒரு நிலையம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்பது தூரத்தை மாற்றுவதே இல்லை எனலாம். எது வடக்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கில் வரும். நெவார்க் வடக்கே 40.69 பாகையில் இருக்கிறது. அந்த 0.05 பாகைதான் இந்த 5 கி.மீ.

5 மார்ச் 2024

15,339-க்கும் 15,349-க்கும் இடையிலான 10 கி.மீ. வேறுபாட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழுமையான கோளமாகக் கொண்டால் 15,339 கிடைக்கும். ஆனால் பூமி சுழல்வதால் நடுவில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் இருக்கிறது. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இந்த உண்மை வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் 15,349 கிடைக்கும். துருவத்தின் அருகே தட்டையாக இருப்பதால் அங்கே ஒரு பாகை அட்சரேகையின் நீளம் 111.7 கி.மீ. வரை கூடுகிறது, நிலநடுக்கோட்டருகே அது 110.6 கி.மீ. நம் கோடு துருவத்துக்கு அருகில் நெடுந்தொலைவு செல்வதால் அந்தக் கூடுதல் சேர்ந்துகொள்கிறது. முதல் நாளின் எளிய கணக்கையே இந்த வடிவத்துக்கு ஏற்றபடி துல்லியமாக்கித் துருவத்தையே தொட்டுச் சென்றால் 15,353 வரும். துருவப் புள்ளியைத் தொட்டுவிட்டுப் போவதற்கு ஆகும் கூடுதல் செலவு 4 கி.மீ. மட்டும்.

ஆயினும் கடைசி இலக்கத்தின் மேல் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். விமான நிலையம் ஒரு புள்ளி அன்று. சாங்கியின் ஓடுபாதை மட்டுமே 4 கி.மீ. நீளமுள்ளது. எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதே ஒரு மரபு. இன்னொன்றும் உண்டு. இந்த எண்கள் தரைமட்டத்துக்கானவை. விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறது, அந்த உயரத்தில் வட்டம் பெரியது. அதே வளைவை மேலே வரைந்தால் ஏறத்தாழ 26 கி.மீ. கூடும். கோள வடிவமா தட்டைக் கோளமா என்று விவாதிக்கும் 10 கி.மீ.யை விட இது அதிகம், ஆனாலும் இதை யாரும் சேர்ப்பதில்லை.

நேர்கோட்டுத் தூரம் என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையான நேர்கோடு பூமியைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். அதன் நீளம் ஏறத்தாழ 11,900 கி.மீ. வான்வழித் தூரம் என்று எதைச் சொன்னாலும் அது ஒரு வளைவின் நீளமே.

8 மார்ச் 2024

இப்போது திரையில் தெரிந்த எண்ணுக்கு வருவோம். எனக்கு இந்தப் பேச்சில் மிகவும் நெருக்கமான பகுதி இதுதான். என் மகள் நியூ ஜெர்சியில் வசிக்கிறாள். அவளைப் பார்க்கச் செல்லும் பயணங்களில் நான் திரைப்படம் பார்ப்பதில்லை, பறக்கும் பாதையைக் காட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு பயணத்தில் சாங்கியிலிருந்து கிளம்பிய விமானம் தென் சீனக் கடலின் மேல் வடகிழக்காகத் திரும்பியது. பக்கத்து இருக்கைப் பெண்மணி, “ஏன் ஜப்பான் பக்கம் போகிறது, அமெரிக்கா மேற்கேதானே இருக்கிறது?” என்று கேட்டார். பல மணி நேரம் கழித்து ஜப்பானைக் கடந்து, பசிபிக்கின் வட விளிம்பில் வளைந்து, அலாஸ்காவுக்குத் தெற்கே சென்று, கனடாவின் மேல் இறங்கினோம். அதே பயணத்தின் திரும்புவழியில் விமானம் நியூயார்க்கிலிருந்து மீண்டும் கிழக்கே திரும்பியது. அட்லாண்டிக், ஐரோப்பா, காஸ்பியன் கடல் என்று போய், பின்னிரவில் திரையில் நாக்பூரும் விசாகப்பட்டினமும் தோன்றின. வங்காள விரிகுடாவைக் கடந்து சாங்கியில் இறங்கியபோது, ஒருமுறைகூட மேற்கு நோக்கிப் பயணம் செய்யாமல் நான் உலகை முழுமையாக ஒரு சுற்றுச் சுற்றியிருந்தேன். போகவர ஒரே பயணச்சீட்டில் உலகத்தைச் சுற்றும் வாய்ப்பு உலகில் மிகச் சில நகர இணைகளுக்கே உண்டு என்பதை அன்று உணர்ந்தேன். அந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இதற்குக் காரணம் முதல் நாள் சொன்ன அந்த 177.77 பாகை. கிழக்காகப் போனாலும் மேற்காகப் போனாலும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான். சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்–தோக்கியோ 5,350 கி.மீ. அளவு, தோக்கியோ–நியூயார்க் 10,850 கி.மீ. அளவு, கூட்டினால் 16,200. மறுபக்கம் நியூயார்க்–ஃபிராங்க்ஃபர்ட் 6,200, ஃபிராங்க்ஃபர்ட்–சிங்கப்பூர் 10,270 அளவு, கூட்டினால் 16,470. பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் செல்லும் இரு வழிகளுக்கும் வேறுபாடு 270 கி.மீ. மட்டுமே. ஜெட் விமானத்துக்கு அது இருபது நிமிடம்கூட இல்லை. வழியைத் தேர்ந்தெடுப்பதில் தூரத்துக்கு இங்கே வேலையே இல்லை, காற்றுக்குத்தான் வேலை. நடு அட்சரேகைகளில் மேலே வீசும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அதன் முதுகில் ஏறிக்கொள்ள இரு திசையிலும் கிழக்கு நோக்கிப் போவதே பல நாட்களில் லாபம்.

11 மார்ச் 2024

நேற்று நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். குளிர்காலத்தில் சிங்கப்பூருக்கும் அதற்கும் 13 மணி நேரமாக இருந்த வேறுபாடு இனி நவம்பர் வரை 12 மணி நேரம். முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், மகள் வீட்டில் காலை ஏழு என்றால் எங்களுக்கு இரவு ஏழு. தீர்க்கரேகைகள் எதிரெதிரே இருப்பதன் வீட்டு அடையாளம் இது. நியூயார்க்கில் இரவு பத்தரை மணிக்கு ஏறுபவர், மறுநாள் முழுவதையும் வானிலேயே கழித்துவிட்டு, அதற்கடுத்த நாள் விடியலில் சாங்கியில் இறங்குகிறார்.

14 மார்ச் 2024

குறுக்குவழி துருவத்தின் பக்கம் என்றால் ஏன் தினமும் அப்படிப் போவதில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நீண்ட விடை தேவைப்படுகிறது.

துருவத்தின் மேல் பயணிகள் விமானம் போக முடியாது என்பதில்லை. 1954-இலேயே ஸ்கேண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு கிரீன்லாந்து வழியாக ஆர்க்டிக் சேவையைத் தொடங்கியது. ஆயினும் ஆசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையிலான குறுக்குவழிகள் சோவியத் வான்வெளிக்குள் இருந்தன, பனிப்போர்க் காலம் முழுவதும் அவை மூடியே கிடந்தன. 1998 ஜூலையில் ஹாங்காங்கின் புதிய செக் லாப் கோக் விமான நிலையம் திறந்த நாளில், கேத்தே பசிபிக் நிறுவனத்தின் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து துருவத்தைக் கடந்து இடைநில்லாமல் அங்கு வந்து இறங்கியது. 2001-இல் ரஷ்யா நான்கு துருவ வழிகளை முறையாகத் திறந்தது. அதன் பிறகுதான் பெருவட்டம் என்ற கணிதக் கோடு அன்றாடப் பயணவழியாகத் தகுதி பெற்றது.

துருவத்துக்கென்று சில தொல்லைகள் உள்ளன. முதலாவது குளிர். சிங்கப்பூரில் நிரப்பப்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ், அமெரிக்காவில் பொதுவாக நிரப்பப்படும் ஜெட் ஏ வகைக்கு மைனஸ் 40. குளிர்கால ஆர்க்டிக்கின் மேல் வெளிக்காற்று மைனஸ் 60-க்கும் கீழே போகும். வேகத்தினால் உண்டாகும் உராய்வு வெப்பம் இறக்கையைச் சற்றுக் காக்கிறது. எனினும் தொட்டியில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் தொடர்ந்து கவனித்து, தேவைப்பட்டால் வெப்பமான அடுக்குக்கு இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். அடுத்தது தொடர்பு. நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் 82 பாகைக்கு அப்பால் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். சூரியப் புயல் வீசும் நாட்களில் உயர் அதிர்வெண் வானொலியும் கைவிடும், கதிர்வீச்சும் கூடும். அத்தகைய நாட்களில் நிறுவனங்கள் துருவ வழியைத் தவிர்த்துவிடுகின்றன. காந்தத் திசைகாட்டியை அங்கே நம்ப இயலாது. அவசரமாக இறங்க வேண்டுமானால் பொருத்தமான நிலையங்கள் மிகக் குறைவு, அப்படி இறங்கினாலும் வெப்பமண்டலத்திலிருந்து வந்த பயணிகளை உறைபனியில் காக்கும் ஏற்பாடு வேண்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. அரசியலைத்தான் விமானியால் சமாளிக்க முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கிய பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது, வேறு பல நிறுவனங்கள் தாமே அதைத் தவிர்க்கின்றன. இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் எடுத்துக்காட்டு பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்குப் பெருவட்டம் ஏறத்தாழ 7,800 கி.மீ., ரஷ்யாவின் மேல் நேராகப் போனால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்களுடையது என்று சொல்லியே அந்த நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தன் சேவையைக் கட்டி எழுப்பியது. இன்று அதே பயணம் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போய்ப் பதின்மூன்று மணி நேரம் வரை எடுக்கிறது. நகரங்கள் அங்கேயேதான் இருக்கின்றன, பூமியும் மாறவில்லை. பயணத் தூரம் மட்டும் ஒரே வாரத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் நீண்டுவிட்டது.

இந்தியப் பயணிகளும் இதை அறிவார்கள். 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுவரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிப் போயின. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வழியில் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கிச் செல்ல நேர்ந்தது.

17 மார்ச் 2024

8-ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். காற்றைப் பற்றி மேலோட்டமாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அதை விரிக்காமல் விட்டால் திரை எண்ணின் பொருள் முழுமையாக விளங்காது.

விமானம் தரையின் மேல் பறப்பதில்லை, காற்றுக்குள் பறக்கிறது. நீண்டதூர ஜெட் விமானம் காற்றுக்குள் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் செல்கிறது. முழு வழியிலும் சராசரியாக 50 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால், 16,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 18 மணி நேரத்துக்குப் பதில் 19 மணி நேரத்தை நெருங்கும். பின்காற்று அதே அளவு இருந்தால் 17 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே போதும். ஆகவே, 300 கி.மீ. சுற்றிப் போய் நல்ல காற்றைப் பிடிப்பவர், நேராகப் போய் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்பவருக்கு முன்பே வந்து சேர்வார், எரிபொருளையும் மிச்சப்படுத்துவார். வழி வகுப்பவர்கள் தரைத் தூரத்தோடு காற்றுத் தூரம் என்ற ஒன்றையும் கணக்கிடுவது இதனால்தான். சுற்றியிருக்கும் காற்றை வைத்து அளந்தால் விமானம் எவ்வளவு தொலைவு கடந்தது என்பது அது. எரிபொருள் செலவாவது அந்தத் தூரத்துக்கே.

இதை எண்ணும்போது எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. மிகக் குறைந்த தூரமே சிறந்த வழி என்று நாம் ஏன் தானாகவே கருதுகிறோம்? கப்பல்காரர்களுக்கு இந்த மயக்கம் இல்லை, நீரோட்டத்தையும் பருவக்காற்றையும் பார்த்துத்தான் வழி அமைப்பார்கள். வான்வழிக்கும் அதுவே பொருந்தும்.

21 மார்ச் 2024

இந்தத் தூரத்தைக் கடக்க எத்தகைய விமானம் வேண்டியிருந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தைக் கொண்டு நெவார்க்குக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின்கள், 181 இருக்கைகள். எரிபொருள் விலை ஏறியபோது அதை 100 வணிக வகுப்பு இருக்கைகள் மட்டுமுள்ள விமானமாக மாற்றினார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்காமல் 2013 நவம்பரில் சேவை நின்றது. அந்த ஐந்து ஆண்டு இடைவெளியில் மகளைப் பார்க்கப் போகும்போது ஐரோப்பாவில் ஒரு நிறுத்தம் தவிர்க்க முடியாததாக இருந்தது. நள்ளிரவில் அரைத் தூக்கத்தோடு வேறொரு நுழைவாயில் தேடி நடந்த களைப்பு, வயதானவர்களுக்கு இடைநில்லாப் பயணம் எவ்வளவு பெரிய உதவி என்பதை எனக்கு உணர்த்தியது.

2018 அக்டோபர் 11 அன்று ஏ350-900 அதிநீள்தூர வகை விமானத்தோடு சேவை மீண்டது. இதில் இரண்டு எஞ்சின்கள் மட்டுமே. தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும், எடையில் அது ஏறத்தாழ 130 டன். புறப்படும்போது விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். தொட்டிகளை நிரப்பினால் கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருளே. அதனால்தான் 161 இருக்கைகள் மட்டும், சாதாரண வகுப்பே கிடையாது, முன்பக்கச் சரக்கறையும் பயன்படுத்தப்படுவதில்லை. முதல் சில மணி நேரங்களில் எரியும் எரிபொருளில் ஒரு பகுதி, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது. தூரம் ஏற ஏற இந்தச் சுமை இரட்டிப்பாக வருத்துகிறது. 15,349 என்ற எண் நூலால் அளக்கும்போது எளிதாகத் தெரிந்தாலும், அதைக் கடக்கப் பொறியாளர்கள் பட்ட பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

2020 நவம்பரிலிருந்து கென்னடி நிலையத்துக்கும் இச்சேவை நடக்கிறது. இன்றைய இடைநில்லா அட்டவணைப் பயணச் சேவைகளில் உலகிலேயே நீளமானது அதுவே. அந்த 5 கி.மீ. வித்தியாசத்தால்தான் நெவார்க் இரண்டாம் இடத்துக்குப் போனது.

24 மார்ச் 2024

பெருவட்டத் தூரம் வெறும் ஏட்டுக்கணக்கு, பறந்த தூரம்தான் உண்மை என்று ஒருவர் வாதிடுகிறார். நான் உடன்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ பயணிக்குக் கிடைக்கும் இழப்பீடு 250, 400, 600 யூரோ என்று தூரத்தைப் பொறுத்து மாறுகிறது. 1,500, 3,500 கி.மீ. என்ற அந்த எல்லைகளைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. விமானம் அன்று எப்படிச் சுற்றிப் போனது என்பதைப் பொறுத்துப் பயணியின் உரிமை மாறலாகாது என்பதால் இது நியாயமான ஏற்பாடு.

கரிம வெளியேற்றக் கணக்கில் மட்டும் அவர் வாதத்துக்கு வலு உண்டு. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பு முறை, பெருவட்டத் தூரம் 5,500 கி.மீ.க்கு மேல் இருந்தால் சுற்றுவழிக்காக 125 கி.மீ. சேர்க்கிறது. பெரும்பாலான வழிகளுக்கு அது பொருந்தலாம். நம் வழியிலோ விலகல் ஆயிரம் கி.மீ. அளவில் இருக்கிறது. இந்தப் பயணத்தின் சுற்றுச்சூழல் சுமையை 125 கி.மீ. திருத்தத்தோடு அளப்பது குறைத்து மதிப்பிடுவதாகும் என்றே கருதுகிறேன்.

26 மார்ச் 2024

உலகில் இரு ஊர்களுக்கு இடையே இருக்கக்கூடிய மிக அதிகத் தூரம் எவ்வளவு என்ற கேள்விக்கு: பூமியின் சுற்றளவில் பாதி, ஏறத்தாழ 20,000 கி.மீ. சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்புள்ளி ஈக்குவடோரின் அமேசான் காட்டுப் பகுதியில் விழுகிறது. நியூயார்க் அந்த உச்ச அளவில் முக்கால் பங்குத் தொலைவில் இருக்கிறது.

அந்தப் பாதிச் சுற்றளவையும் தாண்டி ஒரு பயணிகள் விமானம் நிற்காமல் பறந்ததுண்டு. 2005 நவம்பரில் போயிங் 777-200எல்ஆர் ஒன்று ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கிழக்குத் திசையாக, பசிபிக், வட அமெரிக்கா, அட்லாண்டிக் என்று சுற்றி, 22 மணி 42 நிமிடத்தில் 21,602 கி.மீ. கடந்து சாதனை படைத்தது. அவ்விரு நகரங்களின் பெருவட்டத் தூரமோ 9,600 கி.மீ. அளவே. தூரமும் பறந்த தொலைவும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

30 மார்ச் 2024

கேள்வி கேட்ட வாசகர், இவ்வளவு படித்த பிறகும் ஏட்டில் ஓர் எண்ணைத்தானே எழுத முடியும் என்கிறார். இரண்டு வரிகளாக எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில், “பெருவட்டத் தூரம், சாங்கி முதல் ஜான் எஃப். கென்னடி வரை: 15,349 கி.மீ.” இது ஆண்டுதோறும் மாறாது, யார் கணக்கிட்டாலும் சில கிலோமீட்டருக்குள் இதுவே வரும். அதனருகில் 138 பாகை என்ற கூட்டலையும் செய்து காட்டினால் ஆசிரியர் மகிழ்வார். இரண்டாவது வரியில், “பறந்த தூரம்: 16,000 முதல் 17,000 கி.மீ. வரை, வழியையும் காற்றையும் பொறுத்தது.” திரையில் நீங்கள் கண்ட எண்ணைக் குறிப்பிட விரும்பினால், பயணம் செய்த தேதியையும், பசிபிக் வழியா அட்லாண்டிக் வழியா என்பதையும் கட்டாயம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அவை இல்லாவிட்டால் அந்த எண்ணை வேறு எவராலும் சரிபார்க்க முடியாது.